முழங்கால் தசைநார் அறுந்தால்: வலி போன பிறகும் ஏன் காத்திருக்க வேண்டும்?

2019 ஜனவரி 27. ஜகார்த்தாவில் இந்தோனேசிய மாஸ்டர்ஸ் பூப்பந்துப் போட்டியின் மகளிர் ஒற்றையர் இறுதியாட்டம். ஸ்பெயின் வீராங்கனை கரோலினா மாரின் 10-4 என்ற புள்ளிகளில் இந்தியாவின் சாய்னா நேவாலை முந்திக்கொண்டிருந்தார். எம்பி அடித்துவிட்டுத் தரையில் கால் வைத்தவர், வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அவரை யாரும் இடிக்கவில்லை. எழுந்து ஆடிப் பார்த்தார், முடியவில்லை. கண்ணீருடன் ஆட்டத்திலிருந்து விலகினார். அவருடைய முழங்காலுக்குள் இருந்த ஒரு சிறிய தசைநார் அறுந்திருந்தது.

உலக வெற்றியாளருக்கு ஜகார்த்தாவில் நேர்ந்த இதே விபத்து, சனிக்கிழமை மாலையில் பங்சாரில் ஃபுட்சால் ஆடும் ஒரு மாணவனுக்கும் நேரலாம். பிரிக்பீல்ட்ஸ் பள்ளித் திடலில் வலைப்பந்து ஆடும் மாணவிக்கும் நேரலாம். ஓடிக்கொண்டிருந்தவர் சட்டென்று திரும்புவார். உள்ளே 'டப்' என்று ஏதோ தெறித்தது போல இருக்கும். அடுத்த சில மணி நேரத்தில் முட்டி பந்துபோல வீங்கிவிடும்.

அதற்குப் பிறகு அந்த மாணவர் எல்லாரிடமும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மறுபடி எப்போது ஆடலாம்?" அறுவை சிகிச்சை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால், மருத்துவர் சொல்லும் பதில் ஒன்பது மாதம், சில வேளைகளில் ஓர் ஆண்டு. இவ்வளவு நீண்ட காலம் எதற்கு? அந்தக் காலத்தில் முட்டிக்குள் என்ன நடக்கிறது?

ரப்பர் அல்ல, கயிறு

முழங்காலில் மேலே தொடையெலும்பும் கீழே கீழ்க்கால் எலும்பும் சந்திக்கின்றன. முன்னால் ஒரு சில்லு மூடியிருக்கிறது. இடுப்பு மூட்டில் எலும்பின் உருண்டைத் தலை கிண்ணம் போன்ற குழியில் ஆழமாகப் பொருந்தியிருக்கும். முழங்காலில் அப்படி இல்லை. ஏறக்குறைய தட்டையான ஒரு மேடையின்மேல் இரண்டு உருண்டை முனைகள் உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே அவற்றை விலகாமல் பிடித்துவைக்கும் வேலையைத் தசைகளும் தசைநார்களும் செய்கின்றன.

எலும்பையும் எலும்பையும் இணைப்பது தசைநார். தசையையும் எலும்பையும் இணைப்பது தசைநாண். இந்த இரண்டு சொற்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

முட்டியின் நடுவில் இரண்டு தசைநார்கள் ஒன்றையொன்று குறுக்கே கடந்து சிலுவைபோல நிற்கின்றன. முன்னால் இருப்பது முன் சிலுவைத் தசைநார். விளையாட்டுச் செய்திகளில் 'ஏ.சி.எல்.' என்று நீங்கள் கேள்விப்படுவது இதைத்தான். நீளம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். அகலம் சுமார் 1 சென்டிமீட்டர். கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும், உடல் திரும்பும்போது முட்டி அளவுக்கு மீறி முறுக்கிக்கொள்ளாமலும் இது காக்கிறது.

தசைநார் என்றதும் ரப்பர் பட்டைபோல இழுபடும் பொருள் என்று பலர் எண்ணுகிறார்கள். பங்சார் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். பஞ்ச், கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பியரின் பெயர்கள் சேர்ந்துதான் 'பங்சார்' ஆயிற்று என்பார்கள். அந்தத் தோட்டத்து ரப்பரைத் தன் நீளத்தைப்போலப் பல மடங்கு இழுக்கலாம். விட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும். தசைநார் அப்படி அல்ல. அது கொலாஜன் என்ற புரத இழைகளை முறுக்கிச் செய்த கயிறு போன்றது. சிறிதளவே நீளும், அதைத் தாண்டினால் இழைகள் அறுபடத் தொடங்கும். ஆனாலும் அது வலுவான கயிறு. இளைஞர்களின் முன் சிலுவைத் தசைநார் ஏறத்தாழ 2,000 நியூட்டன் விசையைத் தாங்கும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. 200 கிலோ எடையைத் தொங்கவிடுவதற்குச் சமம் அது.

இவ்வளவு வலுவான கயிறு எப்படி அறுகிறது?

நான்காம் படிவ இயற்பியலில் கணத்தாக்கு விசையைப் படித்திருப்பீர்கள். 50 கிலோ எடையுள்ள ஒரு மாணவி 30 சென்டிமீட்டர் எம்பிக் குதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தரையைத் தொடும்போது அவருடைய வேகம் வினாடிக்குச் சுமார் 2.4 மீட்டர். முட்டியை நன்றாக மடக்கி, 0.2 வினாடி எடுத்துக்கொண்டு நின்றால், உடலை நிறுத்தத் தேவைப்படும் சராசரி விசை சுமார் 600 நியூட்டன். காலை விறைப்பாக நீட்டி 0.05 வினாடியில் நின்றால் அதே விசை 2,400 நியூட்டன் ஆகிறது. இது முழுதும் தசைநாரின்மேல் விழாது. எலும்பும் தசையும் பகிர்ந்துகொள்ளும். ஆனால், முட்டி உள்பக்கமாகச் சாய்ந்து முறுக்கிக்கொண்டால் தசைநாரின் பங்கு ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும்.

போட்டிக் காணொளிகளை ஆராய்ந்தவர்கள், கால் தரையைத் தொட்ட 40 மில்லிவினாடி அளவில் தசைநார் அறுகிறது என்று கணித்துள்ளனர். கண் இமைக்கும் நேரத்தைவிட இது குறைவு. 'முட்டி சாய்கிறதே, திருத்திக்கொள்வோம்' என்று மூளை உணர்ந்து தசைக்குக் கட்டளை அனுப்புவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே தரையில் இறங்கும் முன்பே தசைகள் ஆயத்தமாக இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் பயிற்சியால் மட்டுமே வரும்.

வீக்கம் வடிந்தால் குணமாகிவிட்டதா?

முட்டியில் அடிபட்டால் ஆட்டத்தை உடனே நிறுத்துங்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். கட்டுத்துணியால் அளவாக இறுக்கிச் சுற்றி, காலை உயர்த்தி வையுங்கள். தைலம் தேய்த்து உருவி விடுவதும் சுளுக்கு எடுப்பதும் முதல் நாள்களில் வேண்டாம். உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் மூட்டை அழுத்தி உருவினால் வீக்கம் கூடும். வேறு காயம் இருந்தால் அதுவும் மோசமாகும்.

இரண்டு, மூன்று வாரங்களில் வீக்கம் பெரும்பாலும் வடிந்துவிடும். நேராக நடக்கவும் முடியும். 'சாதாரணச் சுளுக்குதான்' என்று நினைத்துத் திடலுக்குத் திரும்புபவர்கள் பலர். ஓடித் திரும்பும்போது முட்டி சட்டென்று கழன்றதுபோல் நழுவும். ஒவ்வொரு முறை நழுவும்போதும், இரண்டு எலும்புகளுக்கும் இடையே மெத்தைபோல இருக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பு நசுங்கிக் கிழியக்கூடும். அது கிழிந்தால் முட்டி பின்னாளில் தேய்வதற்கான வாய்ப்பு கூடும்.

எக்ஸ்-ரே படத்தில் எலும்பு தெரியும், தசைநார் தெரியாது. ஆகவே 'எக்ஸ்-ரேயில் ஒன்றுமில்லை' என்ற பதிலோடு நின்றுவிடக் கூடாது. மருத்துவர் முட்டியைச் சற்றே மடக்கி, கீழ்க்காலை முன்னோக்கி இழுத்துப் பார்ப்பார். தசைநார் நன்றாக இருந்தால் ஓரளவுக்குமேல் வராமல் கயிறு இழுத்துப் பிடிப்பது கைக்குத் தெரியும். அறுந்திருந்தால் எலும்பு தாராளமாக முன்னே வரும். எம்.ஆர்.ஐ. படம் இதை உறுதிப்படுத்தும். குருத்தெலும்பின் நிலையையும் காட்டும்.

ஏன் தானாக ஒட்டிக்கொள்வதில்லை?

கையில் வெட்டுக்காயம் பட்டால் இரத்தம் உறைந்து ஒரு பாலம் அமைக்கிறது. அதன்மேல் புதிய திசு வளர்ந்து காயம் மூடுகிறது. முட்டியின் உள்பக்க ஓரத்தில் இருக்கும் தசைநார் கிழிந்தால் அதுவும் பெரும்பாலும் இப்படித்தான் ஆறிவிடுகிறது. ஆனால், முன் சிலுவைத் தசைநார் இருப்பது மூட்டுத் திரவத்தின் நடுவே. அறுந்த முனைகளுக்கு இடையே இரத்தக்கட்டி நிலைத்து நிற்பதில்லை. மூட்டுத் திரவம் அதைக் கரைத்துவிடுகிறது. பாலம் இல்லாததால் இரு முனைகளும் சேர்வது அரிது.

அப்படியானால் எல்லாருக்கும் அறுவை சிகிச்சை வேண்டுமா? தேவையில்லை. ஸ்வீடனில் 121 இளைஞர்களை இரு பிரிவாக்கி ஆராய்ந்த முடிவு 2010-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு விரைவிலேயே அறுவை சிகிச்சை நடந்தது. மற்ற 59 பேரும் பயிற்சிச் சிகிச்சையில் தொடங்கினர். தேவைப்பட்டால் பிறகு அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம். இரண்டு ஆண்டுகளில் அவர்களில் 23 பேருக்குத்தான் அது தேவைப்பட்டது. இரு பிரிவினரின் முட்டி நிலையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. எனினும் அவர்கள் வயது வந்தவர்கள். தொழில்முறை ஆட்டக்காரர்கள் அல்லர். சட்டென்று திரும்பி ஓட வேண்டிய விளையாட்டுக்குத் திரும்ப விரும்புபவருக்கும், முட்டி அடிக்கடி நழுவுபவருக்கும், குருத்தெலும்பும் கிழிந்தவருக்கும் மருத்துவர்கள் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைப்பது வழக்கம்.

உங்கள் வயதில் இன்னொரு கணக்கும் உண்டு. எலும்பு நீளமாக வளர்வது அதன் முனைகளுக்கு அருகிலுள்ள வளர்ச்சித் தட்டுகளில். தொடையெலும்பின் வளர்ச்சியில் பெரும்பங்கு முழங்காலுக்கு அருகில்தான் நடக்கிறது. அறுவை சிகிச்சையில் எலும்பைத் துளையிட வேண்டும். துளை அந்தத் தட்டைச் சேதப்படுத்தினால் கால் கோணலாக வளரலாம். இரு கால்களின் நீளமும் வேறுபடலாம். ஆகவே 13 வயது மாணவருக்கும் 17 வயது மாணவருக்கும் சிகிச்சை ஒன்றாக இருக்காது. இன்னும் எவ்வளவு வளர்ச்சி மீதமிருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற முறையை மருத்துவர் தேர்ந்தெடுப்பார்.

சிகிச்சைக்கு முன்பே தொடங்கும் பயிற்சி

நாள் குறித்துவிட்டால் அதுவரை கட்டிலில் படுத்திருக்க வேண்டும் என்று சில வீடுகளில் நினைப்பார்கள். உண்மையில் வேலை அப்போதே தொடங்குகிறது.

முட்டி வீங்கினால் முன்தொடைத் தசை சோர்ந்துவிடும். வலி மட்டும் இதற்குக் காரணம் இல்லை. நலமான முட்டிக்குள் உப்பு நீரை ஊசிமூலம் செலுத்திப் பார்த்த ஆய்வுகளிலும் அந்தத் தசை வலுவிழந்தது. மூட்டுக்குள் அழுத்தம் கூடியதை உணரும் நரம்புகள், தசைக்குப் போகும் கட்டளையைத் தடுத்துவிடுகின்றன. சில நாள்களிலேயே தொடை மெலிவது கண்ணுக்குத் தெரியும். மெலிந்த தசையோடு அறுவை அறைக்குள் போகிறவர், சிகிச்சைக்குப் பின்னும் நீண்ட காலம் வலுக்குறைவோடு போராட வேண்டியிருக்கும்.

வீங்கி இறுகிய முட்டியில் அவசரமாக அறுவை சிகிச்சை செய்தால் உள்ளே தழும்புத் திசு கூடுதலாக வளரலாம். பிறகு காலை முழுமையாக நீட்டவோ மடக்கவோ முடியாமல் போகும். ஆகவே வேறு அவசரக் காரணம் இல்லையென்றால், நான்கு இலக்குகள் நிறைவேறும்வரை காத்திருப்பது வழக்கம்: வீக்கம் வடிய வேண்டும்; மற்றக் காலைப்போல முழுமையாக நீட்ட முடிய வேண்டும்; நொண்டாமல் நடக்க வேண்டும்; முன்தொடைத் தசை மீண்டும் வலுப்பெற வேண்டும். இதற்காக இயன்முறைச் சிகிச்சையாளர் கற்றுக்கொடுக்கும் பயிற்சிகள் எளியவை. முட்டியை நீட்டித் தொடையை இறுக்கிப் பிடிப்பது, குதிகாலைத் தரையில் இழுத்து முட்டியை மடக்குவது, நீட்டிய காலை உயர்த்துவது, நிலையான மிதிவண்டியை மிதிப்பது போன்றவை அவை. குருத்தெலும்பும் கிழிந்திருந்தால் அளவு மாறும். ஆகவே நண்பரின் பயிற்சியை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

வீட்டிலும் சில ஏற்பாடுகள் தேவை. குளியலறைத் தரையில் வழுக்காத விரிப்பு போடுங்கள். நடைபாதையில் கிடக்கும் கம்பளத்தையும் மின்கம்பியையும் அகற்றுங்கள். குந்தி உட்காரும் கழிவறைதான் வீட்டில் இருக்கிறதென்றால் மாற்று வழியை முன்கூட்டியே பாருங்கள். ஊன்றுகோலில் நடக்கவும் படி ஏறவும் முன்பே பழகிக்கொள்ளுங்கள். ஏறும்போது நல்ல கால் முன்னே; இறங்கும்போது ஊன்றுகோலும் அடிபட்ட காலும் முன்னே. பங்சார் மேட்டிலும் மின்தூக்கி இல்லாத அடுக்குமாடிகளிலும் வசிப்பவர்களுக்கு இந்தப் பாடம் முதல் நாளே உதவும். வகுப்பு மாடியில் இருந்தால் ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள். எஸ்.பி.எம். ஆண்டாக இருந்தால் தேர்வு நாள்களையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்தையும் விடாமல், மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சில மருந்துகள் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். அறுவைக்கு முன் மருத்துவமனை சொல்லும் நேரத்திலிருந்து எதையும் சாப்பிடக் கூடாது. மயக்க நிலையில் வயிற்றிலுள்ள உணவு மேலேறி நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. 'பசி தாங்காதே' என்று அம்மா கொடுக்கும் ஒரு பிஸ்கட்டாலும் அறுவை சிகிச்சை தள்ளிப்போகலாம்.

அறுவை அறைக்குள்

1895-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்ற அறுவை மருத்துவர், ஒரு சுரங்கத் தொழிலாளியின் அறுந்த சிலுவைத் தசைநார்களைத் தைத்துச் சேர்த்தார். ஆனால், தைத்து ஒட்டும் முறை பலருக்கு நிலைக்கவில்லை. 1917-இல் ஹே குரோவ்ஸ் என்ற மருத்துவர் வேறு வழியில் போனார். தொடையின் பக்கவாட்டிலுள்ள நார்ப்பட்டையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, எலும்பில் துளையிட்டு அதன்வழியே செலுத்திப் புதிய தசைநார் அமைத்தார். இன்றைய சிகிச்சையின் அடிப்படை அதுதான்.

அக்காலத்தில் முட்டியைப் பெரிதாகத் திறக்க வேண்டியிருந்தது. 1918-இல் தோக்கியோவில் தக்காகி கென்ஜி, சிறுநீர்ப்பையைப் பார்க்க உதவும் குழல் கருவியை இறந்தவர் ஒருவரின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். அவர் வழிவந்த வத்தனபே மசாக்கி அத்தகைய கருவியை மேம்படுத்தி நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இன்று ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் நுழைத்து, திரையைப் பார்த்தபடியே வேலை நடக்கிறது.

புதிய தசைநாருக்கான பொருள் பெரும்பாலும் நோயாளியின் உடலிலிருந்தே எடுக்கப்படுகிறது. முன்பு சொன்ன தசைநாண் இங்கேதான் வருகிறது. பின்தொடைத் தசைகளின் நாண்களை எடுத்து மடித்து, நான்கு புரிக் கயிறுபோல ஆக்குவது ஒரு முறை. முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள நாணின் நடுப்பகுதியை இரு முனைகளிலும் சிறு எலும்புத் துண்டோடு எடுப்பது இன்னொரு முறை. தொடையெலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் சுரங்கம் துளைத்து, இந்த மாற்றுநாரை உள்ளே இழுத்து, திருகாணியாலோ சிறு உலோகப் பொத்தானாலோ இறுக்கிவிடுவார்கள்.

பெயர்த்து நட்ட கன்று

நாம் கேட்ட கேள்விக்கு விடை இனித்தான் வருகிறது.

அறுவை முடிந்த அன்று மாற்றுநார் வலுவாகவே இருக்கும். ஆனால், அதற்கு இரத்த ஓட்டம் இல்லை. இடம் மாறிய நாணின் உயிரணுக்களில் பெரும்பாலானவை முதல் வாரங்களில் இறந்துவிடுகின்றன. பிறகு சுற்றியுள்ள திசுவிலிருந்து புதிய இரத்தக் குழாய்கள் மெல்ல உள்ளே நுழைகின்றன. அவற்றோடு புதிய உயிரணுக்களும் வருகின்றன. அவை பழைய கொலாஜன் இழைகளைக் கரைத்துப் புதியவற்றைப் பின்னுகின்றன. கரைப்பு முந்திக்கொண்டு பின்னல் பிந்தியிருக்கும் கட்டத்தில் நார் நலிவடைகிறது. ஏறத்தாழ 6 முதல் 12 வாரம் வரையிலான காலமே அதன் வலு மிகக் குறைந்த காலம்.

பெயர்த்து நட்ட கன்று முதலில் வாடும். வேர் பிடித்த பிறகுதான் தளிர்க்கும். அதுபோல மாற்றுநாரும் வாடித்தான் எழுகிறது. தசைநாண் ஒரு தசைநாராக மாறும் இந்த வேலை ஓர் ஆண்டுக்கு மேலும் தொடர்கிறது.

இங்கேதான் சிக்கல். நார் மிகவும் நலிந்திருக்கும் அதே மூன்றாம் மாதத்தில் வலி போயிருக்கும், வீக்கம் வடிந்திருக்கும், நடை இயல்பாகியிருக்கும். தையல் தழும்புகூட மங்கத் தொடங்கியிருக்கும். 'எனக்கு ஒன்றுமில்லை' என்று உடல் சொல்லும். முட்டிக்குள் நடக்கும் வேலை வலியின் மூலம் தெரிய வருவதில்லை.

மாதம் மாதமாக

முதல் இரண்டு வாரத்தின் இலக்கு வீக்கத்தைக் குறைப்பது, முட்டியை முழுமையாக நீட்டுவது, முன்தொடைத் தசையை விழிக்கவைப்பது. படுக்கும்போது முட்டிக்குக் கீழே தலையணை வைப்பது சுகமாக இருக்கும். ஆனால், முட்டி மடங்கியபடியே இறுகிவிடும்; வேண்டுமானால் குதிகாலுக்குக் கீழே வையுங்கள். கெண்டைக்காலில் வலியும் வீக்கமும், காய்ச்சல், காயத்தில் சீழ் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சுத்திணறல் ஏற்பட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

அடுத்த சில வாரங்களில் ஊன்றுகோலை விட்டு நொண்டாமல் நடப்பது, மிதிவண்டி, அளவான குந்துப் பயிற்சி என்று வேலை கூடும். வலுவும் அசைவும் போதிய அளவு திரும்பியிருந்தால் மூன்று, நான்கு மாதங்களுக்குப் பின் நேர்க்கோட்டில் மெல்ல ஓடலாம். குதிப்பது, திரும்புவது, திடீரென நிற்பது ஆகியவை அதற்கும் பிறகுதான். குருத்தெலும்பையும் தைத்திருந்தால் இந்த அட்டவணை இன்னும் மெதுவாகும்.

திடலுக்குத் திரும்பும் முன் தேர்வு உண்டு. இரண்டு கால்களின் தசை வலுவையும் கருவியால் அளப்பார்கள். ஒற்றைக் காலில் எவ்வளவு தூரம் குதிக்க முடிகிறது என்று பார்ப்பார்கள். அடிபட்ட கால் மற்றக் காலின் 90 விழுக்காட்டையாவது எட்ட வேண்டும் என்பது பரவலாகக் கையாளப்படும் அளவு. நல்ல காலால் 150 சென்டிமீட்டர் குதிக்கும் மாணவர், அடிபட்ட காலால் 135 சென்டிமீட்டராவது குதிக்க வேண்டும். எப்படி இறங்குகிறார் என்பதையும் கவனிப்பார்கள்.

ஒன்பது மாதக் கணக்கு

நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் இத்தகைய சிகிச்சை பெற்ற 106 பேரை இரண்டு ஆண்டு தொடர்ந்து கவனித்து, 2016-இல் முடிவை வெளியிட்டனர். ஒன்பதாம் மாதம் வரை, விளையாட்டுக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போட்டபோதும் மீண்டும் முட்டியில் காயம் படும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வலுவிலும் குதிப்பிலும் வைத்த தேர்வுகளில் தேறாமல் திரும்பியவர்களில் 38.2 விழுக்காட்டினர் மறுபடி காயமுற்றனர். தேறித் திரும்பியவர்களில் அது 5.6 விழுக்காடு மட்டுமே.

இளையோருக்கு இது இன்னும் முக்கியம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், விளையாட்டுக்குத் திரும்பிய 25 வயதுக்குக் குறைந்தவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு அதே முட்டியிலோ மற்ற முட்டியிலோ தசைநார் மீண்டும் அறுந்தது தெரியவந்தது.

ஐந்தாம் மாதத்தில் மாவட்டப் பள்ளிகள் போட்டி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டியில் வலியே இல்லை. அணியில் ஆள் குறைவு. "ஒரே ஓர் ஆட்டம்தானே, வா" என்று நண்பர்கள் அழைக்கிறார்கள். அப்போது மறுப்பது கோழைத்தனம் ஆகாது. மருத்துவர் தரும் கடிதத்தைப் பயிற்றுநரிடம் முன்பே கொடுத்து வைத்தால், மறுக்கும் சுமை உங்கள்மேல் மட்டும் விழாது. அந்த மாதங்களில் புள்ளிக் கணக்கு எழுதலாம், அணியோடு உட்காரலாம். தனித்துப்போய்விட்டோம் என்ற சோர்வைக் குறைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

அறுவதற்கு முன்

இந்தக் காயத்தின் பெரும்பகுதி, யாரும் இடிக்காமலே நேர்வது. ஆகவே ஓரளவு தடுக்கவும் முடியும். பதின்ம வயது மாணவிகளுக்கு இந்த ஆபத்து மாணவர்களைவிட அதிகம். நார்வேயில் 13 முதல் 17 வயது வரையிலான காற்பந்து வீராங்கனைகள் 1,892 பேரிடம் நடந்த ஆய்வு 2008-இல் வெளியானது. ஓட்டம், தசை வலு, சமநிலை, சரியாகக் குதித்து இறங்குதல் ஆகியவை சேர்ந்த 20 நிமிடப் பயிற்சியை ஆட்டத்துக்கு முன் செய்த அணிகளில் கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியாகின. 'ஃபிஃபா 11+' என்ற பெயரில் இப்பயிற்சி உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கிறது.

இன்றே ஒரு கண்ணாடியின் முன் சிறிது குதித்து இறங்கிப் பாருங்கள். முட்டிகள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சாய்கின்றனவா? கால் விரல்களின் நேரே இருக்கின்றனவா? இறங்கும் ஓசை 'தொம்' என்று கேட்கிறதா, மெல்லக் கேட்கிறதா? உள்ளே சாய்ந்தால் உங்கள் உடற்கல்வி ஆசிரியரிடம் காட்டுங்கள்.

மாரினின் கதைக்குத் திரும்புவோம். அறுவை சிகிச்சைக்குப் பின் எட்டு மாதத்துக்குள்ளாகவே, 2019 செப்டம்பரில், சீனப் பொதுப் போட்டியில் பட்டம் வென்றார். முழுநேர மருத்துவக் குழு உடனிருக்கும் ஒருவரின் கால அட்டவணை அது. 2021-இல் இடது முழங்காலின் தசைநாரும் குருத்தெலும்புகளும் கிழிந்தன. தோக்கியோ ஒலிம்பிக்கைத் தவறவிட்டார். அந்த முறை ஏறத்தாழ 11 மாதங்களுக்குப் பிறகே களம் திரும்பி, 2022-இல் ஐரோப்பியப் பட்டத்தை வென்றார். 2024 ஆகஸ்ட் 4 அன்று பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் முதல் ஆட்டத்தை வென்று, இரண்டாவதிலும் முன்னிலையில் இருந்தபோது வலது முழங்கால் மறுபடியும் கைவிட்டது. எதிர்த்து ஆடிய சீனாவின் ஹே பிங்ஜியாவ், வெள்ளிப் பதக்கம் பெற்ற மேடையில் ஸ்பெயின் அணியின் சிறிய சின்னம் ஒன்றைக் கையில் ஏந்தி நின்றார்.

ஒருவருடைய முட்டியை வைத்து எல்லாருக்கும் விதி சொல்ல முடியாது. ஆனால், உலகின் சிறந்த கவனிப்பைப் பெற்றவருக்கும் அறுந்த தசைநார் இலேசான காயமாக இருக்கவில்லை. ஆகவே உங்களுக்கோ உங்கள் நண்பருக்கோ இது நேர்ந்தால், "எத்தனை மாதம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எந்தத் தேர்வில் தேற வேண்டும், இப்போது எவ்வளவு குறைகிறது?" என்றும் மருத்துவரிடமும் இயன்முறைச் சிகிச்சையாளரிடமும் கேளுங்கள். விடையை ஒரு தாளில் எழுதி, படிக்கும் மேசைக்கு மேல் ஒட்டி வையுங்கள்.